எதற்கோ வந்தவர்

நானும் என் வாப்பாவும் கடைசியாகச் சேர்ந்து பார்த்த வேலை, எங்கள் வீட்டுக் கூடத்து விளக்கைச் சரிசெய்தது. சரியாகச் சொன்னால், சரிசெய்யாமல் விட்டது. வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. பியூஸ் கட்டை சுவரில் உயரத்தில் இருக்கிறது. நான் ஏணிமேல். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே.

"வாப்பா, உள்ள என் பெட்டியில பியூஸ் கம்பி இருக்கு. எடுத்துட்டு வாங்க."

போனார். வந்தார். கையில் பனையோலை விசிறி.

"இது எதுக்கு?"

"நீதானே கேட்டே?"

"கம்பி கேட்டேன்."

"அதானே பார்த்தேன்! விசிறியை எடுக்குறப்பவே மனசு ஒப்பலை."

மறுபடி போனார். இந்தத் தடவை தேதி கிழிக்கும் நாட்காட்டியைச் சுவரிலிருந்து ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை வெறுங்கையோடு திரும்பி வந்து, நான் ஏன் ஏணிமேல் நிற்கிறேன் என்று அக்கறையாக விசாரித்தார். ஒன்பது மணிக்கு எனக்கு டெலிபோன் ஆபீசில் வேலை. இறங்கினேன். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏணி இன்னும் அங்கேயே இருக்கிறது.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். யாரும் இதற்குப் பெயர் வைக்காததுதான் குறை. நான் வைக்கிறேன்: எதற்கோ வந்தவர். காரைக்காலில் மட்டும் இருக்கும் இனம் என்று நினைத்து நிம்மதி அடையாதீர்கள். நான் எட்டு வருடம் சைகோனில் டெலிபோன் லைன் வேலை பார்த்தவன். அங்கேயும் இருக்கிறார்கள். பிரெஞ்சில் மறக்கிறார்கள்.

அடையாளம் காண்பது எளிது. நிலைப்படியைத் தாண்டி இரண்டடி உள்ளே வந்து, யாரோ கம்பத்தில் கட்டிப் போட்டதுபோல நின்று, வலது கையை நெற்றியில் வைத்து, உத்தரத்தில் எழுதியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்து, அங்கே இல்லையென்று தெரிந்ததும் தரையைப் பார்த்து, தரையிலும் இல்லையென்று தெரிந்ததும் உங்கள் முகத்தைப் பார்த்து, ஏதோ நீங்கள் அதை எடுத்து ஒளித்து வைத்திருப்பதுபோல ஒரு சந்தேகப் புன்னகை செய்வார். அவர்தான்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? மறந்துபோன மனிதர் முழங்காலைத் தட்டுவதில்லை. பிடரியைத் தட்டுவதில்லை. நெற்றியைத் தட்டுகிறார். வைத்தியம் படிக்காத மனிதகுலம் முழுவதும், காணாமல்போன பொருள் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதில் ஒரே கருத்தோடு இருக்கிறது. இதைப் பற்றிப் பிறகு ஒரு டாக்டர் பேசுவார். பொறுங்கள்.

இந்த இனத்தின் முதல் விதி, தோல்வியை ஒப்புக்கொள்ளாமை. என் வாப்பா ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் ஒரு நாளும் 'மறந்துவிட்டது' என்று சொன்னதில்லை.

"மறக்கலை. கொஞ்சம் தள்ளி நிக்குது."

இதுதான் வாக்கியம். ஏதோ கூச்ச சுபாவமுள்ள விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். அவசரப்படுத்தினால் விருந்தாளி கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்பதுபோலக் குரலையும் தாழ்த்திக்கொள்வார்.

இரண்டாவது, வெறுங்கையோடு திரும்பாமை. வந்தது வந்தாயிற்று, எதையாவது எடுத்துக்கொண்டு போவதுதான் மரியாதை. அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் அதனதன் இடத்தில் இருந்ததில்லை. பாக்குவெட்டி கிணற்றடியில் இருக்கும். சோப்பு, அலமாரியில் உம்மாவின் பட்டுப்புடவைக்கு நடுவில் இருக்கும். உம்மா அஜீசுன்னிசாவுக்கு இதில் தனிக் கணக்கு இருந்தது. எது எங்கே இருக்கிறது என்பதை வைத்து வாப்பா எங்கே, எந்த வேலைக்காகப் போய்த் தோற்றார் என்று சொல்லிவிடுவார்.

மூன்றாவது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போவது. நினைப்பு எங்கே பிறந்ததோ அங்கே போய் நின்றால் மறுபடி கிடைக்கும் என்பது இவர்களுடைய அசையாத நம்பிக்கை. கிடைக்கவும் செய்கிறது, அதுதான் தொல்லை. ஒருமுறை வாப்பா கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஏதோ வாங்க வேண்டும் என்று தோன்றி, கடைத்தெருவுக்குப் போய், கடை வாசலில் நின்றுபோய், திரும்பி நடந்து வந்து, கிணற்றடியில் அதே இடத்தில் நின்று, அதே வாளியைக் கையில் பிடித்தார். வந்துவிட்டது! உடனே ஓடினார். கடை வாசலில் மறுபடி போய்விட்டது. மறுபடி கிணறு. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வாளியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். எதுவும் கேட்காமல் வாளி நிறைய வெண்டைக்காய் போட்டுக் கொடுத்தார்.

"வெண்டைக்காய்க்குத்தான் போனீங்களா?" என்றார் உம்மா.

"இல்லை. அது மட்டும் நல்லாத் தெரியும்."

என்ன வாங்கப் போனார்? கிணற்று வாளிக்குக் கயிறு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பாவம், வயதானவருக்கு ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்று நீங்கள் முடிவு கட்டலாம். அவசரப்படாதீர்கள். வாப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் முப்பத்தொரு வருடம் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பிறப்புப் பதிவேடு எழுதியவர். மண்டபத்தூரிலிருந்து வரிச்சிக்குடி வரைக்கும் யார் என்றைக்குப் பிறந்தார் என்பது அவருக்கு மனப்பாடம். கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாதவர் பெயரைச் சொன்னால் போதும்.

"நீங்க செவ்வாய்க்கிழமை பொறந்தவங்க. நல்ல மழை. உங்க வாப்பா கையெழுத்துப் போடுறப்ப மைக்கூட்டைத் தட்டி விட்டுட்டாங்க. அந்தக் கறை இன்னும் பதிவேட்டுல இருக்கு."

அந்த மனிதர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து பார்ப்பார். வாப்பாவோ, தான் எதற்கு அந்தப் பந்திக்குள் வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். சாப்பிட வந்திருந்தார்.

ஆக, கிடங்கு பத்திரமாக இருக்கிறது. முப்பது வருடத்துச் சரக்கும் இருக்கிறது. இரண்டு நிமிடத்துச் சரக்கு மட்டும் நிற்கவில்லை. டெலிபோன்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. எங்கள் இணைப்புப் பலகையில் அறுபது சந்தாதாரர்கள். ஒரே சமயத்தில் இணைத்துப் பேச வைக்க முடிவது ஐந்து பேச்சு. ஆறாவது வந்தால் ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும். வாப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு இணைப்பு என்பது என் கணிப்பு. அதையும் யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம்.

டாக்டர் தெட்சிணாமூர்த்திக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. அவர் சைகோன் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். மாலை வேளைகளில் கடைத்தெரு டீக்கடை பெஞ்சில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் ஆரம்பித்தார்.

"ஒரு சிப்பாய் வந்தான் மரைக்காயரே. நெத்தியில குண்டுச் சில்லு. பொழைச்சுட்டான். முழிச்சுக்கிட்டு நல்லாப் பேசுறான். பேர் சொல்றான், ஊர் சொல்றான், ஆத்தா பேரைச் சொல்றான். ரெண்டு கோப்பையைக் கவுத்து, ஒண்ணுக்கு அடியில அவன் கண்ணு முன்னாடி ஒரு தீப்பெட்டியை வைப்பேன். நடுவுல ஒரு துணியை மறைச்சுப் பிடிச்சு, பத்து எண்ணிட்டு, துணியை எடுத்து, 'எங்க?'ன்னு கேட்பேன். திருதிருன்னு முழிப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நெத்திக்குப் பின்னாடி ஒரு சிலேட்டு இருக்குன்னு நெனைக்கிறேன். இப்போதைக்கு வேண்டியதை எழுதி வச்சுக்குற சிலேட்டு. அவனுக்கு அது உடைஞ்சு போச்சு. முழிச்சிருக்குறது வேற, ஒண்ணைக் கண்ணுக்கு முன்னாடி நிறுத்தி வச்சிருக்குறது வேற."

"அப்ப எனக்கும் ஒடைஞ்சிருக்கும். பாருங்க டாக்டர்."

பரிசோதனை அங்கேயே நடந்தது. இரண்டு டீக் கோப்பை, ஒரு கொட்டைப்பாக்கு, மறைப்புக்கு அன்றைய தினசரி. கடையில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். டாக்டர் பத்து எண்ணினார். வாப்பா சரியான கோப்பையைக் காட்டினார். முப்பது எண்ணினார். சரி. நூறு எண்ணினார். சரி. டாக்டருக்கு எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்போதும் சரி.

"உங்க நெத்தி நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர், ஏமாற்றத்தோடு.

"அப்படின்னா எனக்கு என்ன?"

டாக்டர் தினசரியை மடித்தார். "தொழுகையில எத்தனை ரக்அத்துன்னு எப்பவாவது எண்ணிக்கை தப்பியிருக்கா?"

"அல்லாஹ் மேல ஆணையா, ஒருநாளும் இல்லை."

"ஏன்? தொழுகையில யாரும் உங்ககிட்ட பேச மாட்டாங்க. சிலேட்டுல கோளாறு இல்லை மரைக்காயரே. எதிர்ல ஒரு ஆளைப் பார்த்துட்டா, எழுதி வச்சதை எல்லாம் அழிச்சுட்டு மொத்தச் சிலேட்டையும் அந்த ஆளுக்குக் கொடுத்துடுறீங்க. நாங்கள்லாம் ஒரு ஓரத்தை ஒதுக்கிட்டு, மீதி எடத்துலதான் அடுத்தவன் பேச்சைக் கேட்போம்."

வாப்பா இதைக் கேட்டு நெற்றியில் கை வைத்தார். எல்லோரும் காத்திருந்தோம்.

"ஒண்ணு கேக்குறேன் டாக்டர். சிலேட்டு காலியா இருக்குன்னு எனக்குத் தெரியுது. என்னமோ இருந்துச்சு, இப்ப இல்லைன்னு தெரியுது. சிலேட்டுல ஒண்ணுமே இல்லாதப்ப, அதை யாரு நின்னு பாத்துக்கிட்டு இருக்கா?"

டாக்டர் பக்கத்தில் இருந்த கோப்பையை எடுத்து ஒரு வாய் டீ குடிக்கப் போனார். அடியில் கொட்டைப்பாக்கு இருந்தது.

"அந்தச் சிப்பாய்க்கு அதுகூடத் தெரியலை" என்றார் கடைசியில். "காலியா இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான். காணோம்னு தேடுறீங்க பாருங்க, அந்த மட்டும் நீங்க தேவலை."

வாப்பாவுக்குப் பரம சந்தோஷம். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் டாக்டர் தன்னைப் பற்றி ஒரு பெரிய விஷயம் சொன்னதாகச் சொன்னார். என்ன விஷயம்? அது கொஞ்சம் தள்ளி நின்றது.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஏணியைச் சாய்த்துவிட்டு வந்தேன் அல்லவா? பதினொரு மணிக்கு டெலிபோன் ஆபீஸ் வாசலில் வாப்பா நின்றார். வீட்டிலிருந்து ஒரு மைல். நல்ல வெயில். முகம் முழுக்க வியர்வை. ஆனால் ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர்போல இருந்தார்.

"வாங்க வாப்பா. என்ன இந்த வெயில்ல? சாப்பிட்டீங்களா?"

நிலைப்படியைத் தாண்டி இரண்டடி. நின்றார். கை நெற்றிக்குப் போயிற்று.

"எதுக்கோ வந்தேன்" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். நான் பலகையில் இணைப்புகளைச் செருகுவதையும் பிடுங்குவதையும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேர் பேசுறாங்களே, நீ யார் பேச்சைக் கேப்பே?"

"யார் பேச்சையும் கேக்கக்கூடாது வாப்பா. அது சட்டம்."

"அதான் உனக்கு எதுவும் மறக்கறதில்லை."

எழுந்தார். வாசலில் திரும்பினார். "வந்துடும். கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது. வந்ததும் வர்றேன்."

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார். மாலை அசர் தொழுகைப் பாங்குக்கு எழுந்திருக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார்கள். சொன்னேன். அன்றிலிருந்து ஊரில் பாதிப்பேர் அவர் எதற்கு வந்தார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். கல்யாணப் பேச்சு என்றார் ஒருவர். தன் முடிவு தெரிந்து விடைபெற வந்தார் என்றார் இன்னொருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சைகோனில் புதைத்து வைத்த தங்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் வந்தார் என்று மூன்றாமவர் என் காதருகில் சொன்னார். வாப்பா சைகோனுக்குப் போனதே இல்லை.

எனக்கோ அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எதற்கு வந்தார்?

லைன் செத்துப்போனால் நாங்கள் யூகம் செய்வதில்லை. நிலையத்திலிருந்து கிளம்பி ஒவ்வொரு கம்பமாகச் சோதித்துக்கொண்டே நடப்போம். எதுவரைக்கும் பேச்சு வருகிறது, எங்கே அறுந்தது என்று தெரிந்துவிடும். பத்தாம் நாள் நான் ஆபீசிலிருந்து வீட்டை நோக்கி நடந்தேன்.

முதல் கம்பம், வெற்றிலைக்கடை சேக் பரீது. வாப்பா அவர் கடையைத் தாண்டிப்போக ஐந்து நிமிடமாவது ஆகும். அவர்தான் துண்டித்திருப்பார் என்பது என் சந்தேகம்.

"நிக்கவே இல்லை தம்பி" என்றார் பரீது. "எம் மவனுக்கு வயசு சர்டிபிகேட் வேணும், ஒரு தேதி கேக்கலாம்னு கூப்பிட்டேன். வாயைத் தொறக்காம, இப்படி நெத்தியில உள்ளங்கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால 'அப்புறம் அப்புறம்'னு சைகை காட்டிட்டுப் போயிட்டாங்க. என்னடா, தலைவலியான்னு நெனைச்சேன்."

வெற்றிலைக்கடை வரை லைன் உயிரோடு இருந்திருக்கிறது. அடுத்த கம்பம், தெருமுனையில் கூடையோடு உட்காரும் மாரிக்கண்ணு. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டு வருகிறவள். அவளுடைய வீட்டுக் கதை எல்லாம் வாப்பாவுக்கு அத்துப்படி.

"அதை ஏன் கேக்குறீங்க? எம் மவளுக்கு ஆம்பளைப் புள்ள பொறந்திருக்கு மரைக்காரேன்னு கத்துறேன், அவரு பாட்டுக்குப் போறாரு! எனக்குன்னா அப்படியொரு கோவம். 'ஏன், மீன்காரி பேரன்னா எளக்காரமா?'ன்னு கேட்டுப்புட்டேன். திரும்பிப் பார்த்து, 'நின்னா கொட்டிடும் மாரிக்கண்ணு'ன்னாரு. கையில ஒண்ணுமே இல்லை. தலையில தளும்பத் தளும்பக் கொடம் இருக்குற மாதிரி நடந்தாரு." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "பேரன் பொறந்த கெழமைகூடக் கேக்கலை. அவரா அது?"

ஒரு மைல் தூரம். அறுபத்தெட்டு வயது. பிறந்த செய்தியைக் கேட்காமல் போயிருக்கிறார், பிறப்புப் பதிவேடு எழுதிய மனிதர். வழியில் யாருக்கும் சிலேட்டைக் கொடுக்கவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து என் வாசலில் சேர்த்திருக்கிறார்.

அங்கே ஒருவன், "வாங்க வாப்பா, சாப்பிட்டீங்களா?" என்றான்.

கோளாறு லைனில் இல்லை. நிலையத்தில்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். கொட்டைப்பாக்கை உருட்டிக்கொண்டே, "உன் மூஞ்சியைப் பார்த்தார். அழிச்சுட்டார். வேற யாருக்கு அழிப்பார்?" என்றார்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்தது. உம்மா இத்தாவில், வெளியே வராமல் துக்கம் காக்கும் நாட்களில், இருக்கிறார். வாப்பாவின் துணிமணிகளை இல்லாதவர்களுக்குக் கொடுக்க மடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கு வெளியில போட்டுட்டுப் போன சட்டை. பையில என்னமோ இருக்கு பாரு."

பார்த்தேன். விரல் பருமனுக்குச் சுற்றிய பியூஸ் கம்பி. என் பெட்டியில் இருந்ததுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பியூஸ் கட்டைக்கு வேண்டிய கம்பியை, வீட்டுக்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் தேடி எடுத்து, அதை வீட்டிலேயே வைக்காமல், வேகாத வெயிலில் ஒரு மைல் நடந்து டெலிபோன் ஆபீசுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஏன்? கேட்டது நான். கேட்டவன் கையில்தானே கொடுக்க வேண்டும்? கம்பி நெஞ்சுக்கு மேலே பையில். நெற்றியில் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். அரை மணி நேரம் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா அது?" என்றார் உம்மா.

"கம்பி."

"இதுக்கா அவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று கேட்டுவிட்டு உம்மா சிரித்தார். நாற்பது நாளுக்குப் பிறகு. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அந்தச் சட்டையை மட்டும் மடிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்.

கம்பியை எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். ஐந்து நிமிட வேலை. அந்த நேரம் பார்த்து மாரிக்கண்ணு வாசலில் கூடையை இறக்கினாள். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், பெயர் வைத்தாயிற்றாம், பிறந்தது புதன்கிழமையாம். என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்? கேட்டேன். முழுவதும் கேட்டேன். அவள் போனபிறகு பார்த்தால், நான் நிலைப்படியைத் தாண்டி இரண்டடியில் நின்றுகொண்டிருக்கிறேன். ஒரு கை நெற்றியில். இன்னொரு கையில் பனையோலை விசிறி.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. இதைக் கையில் எடுப்பதற்கு முன் நீங்கள் இந்த அறைக்குள் எதற்கோ வந்தீர்கள். இதைப் படிப்பதற்காக வரவில்லை. அது எனக்கே தெரியும். வந்த இடத்தில் இது கண்ணில் பட்டது, உட்கார்ந்தீர்கள், ஒரு மரைக்காயர் நடுவில் புகுந்துவிட்டார். உள்ளே யாரோ எதற்கோ காத்திருக்கிறார்கள். அடுப்பில் ஏதாவது வைத்தீர்களா? நெற்றியைத் தட்ட வேண்டாம், அங்கே கிடைக்காது. எழுந்து, வந்த வழியே திரும்பிப் போய், புறப்பட்ட இடத்தில் நின்று பாருங்கள். வாளி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏணி சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது. கம்பி என் சட்டைப்பையில் இருக்கிறது. தினமும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். கூடத்தில் இன்னும் விளக்கு எரியவில்லை. ஏன் இன்னும் போடவில்லை என்று உம்மா கேட்பதில்லை. கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது.

மறக்கலை. கொஞ்சம் தள்ளி நிக்குது.